ஊழியர் பிள்ளைகளுக்கான கல்லூரி உதவித்தொகை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல நிறுவனங்கள் தங்களிடம் வேலை செய்பவர்களின் பிள்ளைகளில், படிப்பும் தலைமைப் பண்பும் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்துக் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தருகின்றன. ஊழியர் நலப் பிரிவில் இருந்த வருடங்களில் இந்த விண்ணப்பங்களை வாங்கி, சரிபார்த்து, தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் வேலை எனக்கு. பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்டவை, கேட்க நினைத்துத் தயங்கியவை இரண்டையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி விதிகள் உண்டு. உங்கள் நிறுவனத்தின் அறிவிப்பை முதலில் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

இது கல்விக் கடனா? சம்பளத்தோடு வரும் கல்விப்படியா?

இரண்டும் இல்லை. கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும். கல்விப்படி உங்கள் வேலைக்காக உங்களுக்கு வருவது. பிள்ளை எப்படிப் படித்தாலும் வந்துவிடும். இந்த உதவித்தொகைக்கு உங்கள் பிள்ளை விண்ணப்பித்து, மற்ற பிள்ளைகளோடு போட்டியிட்டு, தேர்வாக வேண்டும். நீங்கள் அங்கே வேலை பார்ப்பது உள்ளே நுழைவதற்கான அனுமதிச் சீட்டு மட்டும்தான். விண்ணப்பதாரர் உங்கள் மகனோ மகளோ. இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

எங்கள் நிறுவனத்தில் இப்படி ஒரு திட்டம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மனிதவளப் பிரிவில் நேராகக் கேளுங்கள். அங்கே இருப்பவருக்குத் தெரியாவிட்டால், நிறுவனத்தின் அறக்கட்டளை எது, அதன் பொறுப்பாளர் யார் என்று கேளுங்கள். தொழிற்சங்கம், ஊழியர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவையும் தனியாக இப்படி உதவுவதுண்டு. தாய் நிறுவனம் வேறு நாட்டில் இருந்தால் அதன் திட்டம் உங்கள் கிளைக்கும் பொருந்துமா என்று விசாரியுங்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் இரண்டு இடங்களிலும் கேட்க வேண்டும். இதை மறந்துவிட்ட பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் கடைநிலை ஊழியர். இதெல்லாம் அதிகாரிகளின் பிள்ளைகளுக்குத்தானே போகும்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பாதிப் பேர் கேட்கக்கூட இல்லை. அப்படித்தான் இருக்கும் என்று அவர்களாகவே முடிவுசெய்து, படிவத்தை வாங்காமலேயே இருந்துவிட்டார்கள். தகுதி இல்லாமல் தோற்ற பிள்ளைகளை விட, அப்பா அம்மா படிவமே வாங்காததால் போட்டிக்கே வராமல் போன பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

ஒழுங்காக நடக்கும் திட்டங்களில் தேர்வை நிறுவனம் செய்வதில்லை. அமெரிக்காவில் இதற்குத் தெளிவான விதியே உண்டு. நிறுவனங்களின் அறக்கட்டளைகள் ஊழியர் பிள்ளைகளுக்குத் தரும் உதவித்தொகை பற்றி அந்நாட்டு வரித்துறை 1976இல் ஒரு நடைமுறை விதித்தொகுப்பை வெளியிட்டது. 76-47 என்பது அதன் எண். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அந்த நிறுவனத்துக்கும் அறக்கட்டளைக்கும் வெளியே உள்ளவர்களாக இருக்க வேண்டும், பெற்றோரின் பதவியையோ வேலையின் தன்மையையோ தேர்வுக்கு அளவுகோலாக எடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அங்கே பல நிறுவனங்கள் தேர்வு வேலை முழுவதையும் வெளி அமைப்புகளிடமே விட்டுவிடுகின்றன. அப்படிப்பட்ட அமைப்புகளில் பெரியது ஸ்காலர்ஷிப் அமெரிக்கா. 1958இல் ஃபால் ரிவர் என்ற ஊரில் இர்விங் ஃபிராட்கின் என்ற கண் பரிசோதகர், ஊரார் ஆளுக்கு ஒரு டாலர் போட்டால் ஊர்ப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகலாமே என்று தொடங்கியது அது.

உங்கள் திட்டத்தில் தேர்வு செய்வது யார் என்று கேட்பதில் தவறே இல்லை. கேளுங்கள். நான் பார்த்த குழுக்களில் ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் பள்ளி முதல்வர்களும் இருந்தார்கள். அவர்கள் கைக்குப் போகும் தாளில் பெற்றோரின் பெயரும் பதவியும் இருக்காது. ஒரு எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணை ஒட்டி அனுப்பிய ஆள் நான், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமா?

வேண்டாம். வெளிக்குழு என்றால் அவர் சொல்லி ஒன்றும் நடக்காது. உள்குழுவாக இருந்தால், சிபாரிசு வந்த விண்ணப்பம் என்ற பெயர் உங்கள் பிள்ளை மேல் ஒட்டிக்கொள்ளும். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பெயர் எதற்கு?

“ஊழியரின் பிள்ளை” என்ற கணக்கில் யார் யார் வருவார்கள்?

பெற்ற பிள்ளைகள், சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைகள் பெரும்பாலும் எல்லாத் திட்டங்களிலும் வருவார்கள். மறுமணத்தின் வழியாக வந்த பிள்ளை உங்களைச் சார்ந்து வாழ்ந்தால் பல திட்டங்கள் ஏற்கும். பேரப்பிள்ளை, தம்பி தங்கை விஷயத்தில் திட்டத்துக்குத் திட்டம் மாறும். நீங்கள்தான் சட்டப்படி காப்பாளர் என்றால் அதற்கான ஆணையை இணைத்துக் கேட்டுப் பாருங்கள். ஓய்வுபெற்றவர், பணியில் இருக்கும்போது இறந்தவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் பல இடங்களில் இடம் உண்டு. இறந்த ஊழியரின் குடும்பத்துக்கு இதை எடுத்துச் சொல்ல யாரும் இல்லாமல் போவதுதான் கொடுமை. உங்களோடு வேலை பார்த்தவர் குடும்பம் அப்படி இருந்தால் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பெரும்பாலான திட்டங்களில் இடம் இல்லை; அவர்களின் சம்பளப் பட்டியல் ஒப்பந்ததாரரிடம் இருப்பதைக் காரணமாகச் சொல்வார்கள். இது மாற வேண்டும் என்று பணியில் இருந்தபோது எழுதிக் கொடுத்திருக்கிறேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

குறைந்தபட்சப் பணிக்காலம் ஒன்று அல்லது இரண்டு வருடம் கேட்பது வழக்கம். நான் சொன்ன அமெரிக்க விதியில், மூன்று வருடத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று இருக்கிறது.

எத்தனை மார்க் வேண்டும்?

அறிவிப்பில் ஒரு குறைந்தபட்சம் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். அதற்கு மேல், மொத்த மார்க்கோடு மார்க் போன திசையையும் குழு பார்க்கும். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறிப் பன்னிரண்டாம் வகுப்பில் மேலே வந்த பிள்ளைக்கு அந்த ஏற்றமே ஒரு தகுதி. நடுவில் ஒரு வருடம் சரிந்திருந்தால் காரணத்தை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் நோய், இடமாற்றம், இழப்பு எதுவாக இருந்தாலும் சரி. எழுதாமல் விட்டால் அவர்கள் தாங்களாக ஒரு காரணத்தை ஊகித்துக்கொள்வார்கள்.

தலைமைப் பண்பு என்றால் என்ன? என் மகள் வகுப்புத் தலைவியாகக்கூட இருந்ததில்லை.

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

தலைமை என்றதும் நம் மனதில் பதவிதான் வருகிறது. மாணவர் தலைவர், அணித் தலைவர், மன்றச் செயலாளர். விண்ணப்பத்தில் “பொறுப்புகள்” என்ற கட்டத்தைப் பார்த்ததும் பதவி இல்லாத பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிடுகிறது. குழு அங்கே தேடுவது வேறு. ஒரு தேவை கண்ணில் பட்டதா, யாரும் சொல்லாமல் அதைக் கையில் எடுத்தானா, சலித்த பிறகும் விடாமல் செய்தானா, கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டானா.

ஒரு வருடம் வந்த இரண்டு விண்ணப்பங்களைச் சொல்கிறேன். முதலாவதில் பதினோரு பதவிகள், பதினோரு சான்றிதழ்கள், பளபளப்பான உறைக்குள். எந்தப் பதவியில் என்ன செய்தான் என்று ஒரு வரியும் இல்லை. இரண்டாவதில் பதவிக் கட்டம் காலி. கட்டுரையில் ஒரு பெண் எழுதியிருந்தாள்: பள்ளிப் பேருந்தில் தன்னோடு வரும் சின்ன வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்று கவனித்து, போகிற வழியில் அரை மணி நேரம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள். அடுத்த மாதம் பக்கத்து இருக்கைப் பிள்ளையும் சேர்ந்துகொண்டது. அப்புறம் ஐந்து பேர். தனக்குத் தேர்வு வரும் நாட்களில் யார் சொல்லிக்கொடுப்பது என்று தோழிகள் இரண்டு பேரைப் பழக்கி, ஒரு பழைய நோட்டில் முறை எழுதி வைத்திருந்தாள். அந்த நோட்டின் ஒரு பக்கத்தை நகலெடுத்து இணைத்திருந்தாள்: கிழமை, யார் முறை, எந்தப் பாடம் வரை, ஒரு ஓரத்தில் “இன்று ‘ழ’ சரியாகச் சொன்னாள்”.

குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். உதவித்தொகை அந்தப் பெண்ணுக்குத்தான் கிடைத்தது. அவளுடைய அப்பா படிவம் வாங்க வந்தபோது என்னிடம் சொன்னது: “இவ எதுலயும் கலந்துக்க மாட்டா சார்.”

ஆகவே உங்கள் பிள்ளையிடம் “உனக்கு என்ன பதவி?” என்று கேட்காதீர்கள். “நீ இல்லைன்னா எது நின்னுபோயிருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். பாட்டிக்கு மருந்து நேரம் பார்ப்பது, தம்பியைப் படிக்க வைப்பது, அம்மா இரவுப்பணிக்குப் போகும் நாட்களில் வீட்டைக் கவனிப்பது எல்லாம் இதில் அடங்கும். வீட்டுப்பொறுப்பு காரணமாக மன்றம், விளையாட்டு என்று எதிலும் சேர முடியாத பிள்ளைகள் அதை அப்படியே எழுதலாம். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கட்டுரை எழுத நான் உதவலாமா?

பேசி உதவுங்கள், எழுதி உதவாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள், நினைவுபடுத்துங்கள், எழுதியதை வாசிக்கச் சொல்லிப் புரியாத இடத்தைக் காட்டுங்கள். எழுத்துப் பிழை திருத்துவதும் சரி. நீங்களே எழுதினால் தெரிந்துவிடும். பதினேழு வயதுப் பிள்ளையின் கட்டுரையில் “அயராத உழைப்பும் விடாமுயற்சியும் வெற்றியின் இரு கண்கள்” என்று வந்தால், இது அப்பா எழுதியது என்று முதல் பத்தியிலேயே குழுவுக்குப் புரிந்துவிடுகிறது. இப்போது கணினியிடம் எழுதி வாங்கிய கட்டுரைகளும் அப்படித்தான். எல்லாம் ஒரே குரலில் வருகின்றன. பிறகு நேர்காணலில் அந்தக் கட்டுரையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பிள்ளை தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று: நிறுவனத்தைப் புகழ வேண்டாம். “இந்த மாபெரும் நிறுவனத்தின் நிழலில் வளர்ந்த நான்” என்று தொடங்கும் கட்டுரைகள் ஏராளம். தேர்வு செய்பவர் வெளியாள்; அந்த வரிக்கு மதிப்பெண் கிடையாது, இடம்தான் வீண்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?

பிள்ளையை அறிந்த ஆசிரியரிடம். பெரிய பதவியில் இருக்கும் சொந்தக்காரரின் கடிதத்தை விட, வேதியியல் ஆய்வகத்தில் இரண்டு வருடம் கூட நின்ற ஆசிரியரின் பத்து வரி எடை கூடியது. கடைசி வாரத்தில் போய் நின்றால் அவசரத்தில் “ஒழுக்கமான மாணவர்” என்று பொதுவாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு மாதம் முன்னாலேயே கேட்டு, பிள்ளை செய்தவற்றை அரைப் பக்கக் குறிப்பாகக் கையில் கொடுங்கள்.

நான் வேலையை விட்டுவிட்டால் உதவித்தொகை நின்றுவிடுமா?

விதிமுறையில் இதற்கான வரியைத் தேடிப் படியுங்கள். அமெரிக்க விதிப்படி, கொடுத்த உதவித்தொகையைப் பெற்றோர் வேலையை விட்டார் என்பதற்காக நிறுத்தக் கூடாது. அவராக விலகினாலும் நிறுவனம் நீக்கினாலும் அப்படித்தான். காரணம் எளிது. வென்றது பிள்ளை. வேலையை விட்டால் பணம் நின்றுவிடும் என்று வைத்தால் அது பெற்றோரைக் கட்டிப்போடும் கயிறாகிவிடும். இதனால்தான் ஆள் சேர்க்கும்போது “எங்களிடம் வந்தால் உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை” என்று ஆசைகாட்டுவதையும் அந்த விதி தடுக்கிறது.

ஆனால் எல்லா நாட்டிலும் எல்லாத் திட்டத்திலும் இப்படி இல்லை. வேலையை விட்டால் அடுத்த தவணை கிடையாது என்று எழுதியிருக்கும் திட்டங்களும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு வரியையாவது படித்துவிடுங்கள்.

படித்து முடித்ததும் என் மகன் இங்கேயே வேலை செய்ய வேண்டுமா? நிறுவனத்துக்குப் பயன்படும் படிப்புதான் படிக்க வேண்டுமா?

உண்மையான உதவித்தொகையில் இந்த நிபந்தனைகள் இருக்காது. இருந்தால் அது படிப்புச் செலவைக் கொடுத்து ஆளை முன்கூட்டியே எடுக்கும் ஒப்பந்தம். அதுவும் சிலருக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரும்பு உருக்கும் நிறுவனத்தில் வேலை செய்பவரின் மகள் வரலாறு படிக்க விண்ணப்பித்தால், அவளுக்கும் பொறியியல் படிப்பவருக்கும் ஒரே தராசுதான்.

விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

நிதியைப் பொறுத்தது. அமெரிக்காவில் இதற்கு ஒரு உச்சவரம்பும் உண்டு. தகுதி பெற்று, விண்ணப்பித்து, குழுவின் பரிசீலனைக்கு வந்த ஊழியர் பிள்ளைகளில் 25 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. அல்லது விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும் தகுதியுள்ள அத்தனை பிள்ளைகளில் 10 சதவீதம். 40 பேர் பரிசீலனைக்கு வந்தால் முதல் கணக்கின்படி அதிகபட்சம் 10 பேருக்கு. எல்லோருக்கும் கொடுத்தால் அது சம்பளத்தின் இன்னொரு வடிவம்தான் என்று வரித்துறை பார்க்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. விண்ணப்பங்கள் குறைந்தால் கொடுக்கக்கூடிய எண்ணிக்கையும் குறையும். எட்டுப் பேர் வந்தால் இரண்டு பேருக்குத்தான். பக்கத்து மேசைக்காரரிடம் திட்டத்தைச் சொன்னால் போட்டி கூடிவிடும் என்று மறைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

வரி கட்ட வேண்டுமா?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் பட்டப் படிப்பு மாணவருக்குக் கல்விக் கட்டணம், புத்தகம், பாடத்துக்குக் கட்டாயமான கருவிகள் ஆகியவற்றுக்குச் செலவான உதவித்தொகைக்கு வரி இல்லை; விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போன பகுதிக்கு உண்டு. பிரிட்டனில், வேலையின் காரணமாகப் பிள்ளைக்கு வந்த உதவித்தொகை பெற்றோரின் சலுகையாகக் கணக்கில் வரக்கூடும். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10(16) பிரிவு படிப்புச் செலவுக்கான உதவித்தொகைக்கு விலக்கு கொடுத்தது. பணம் வந்த வருடமே கணக்காளரிடம் காட்டிவிடுங்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

வேறு உதவித்தொகையும் கிடைத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

பல திட்டங்கள் அனுமதிக்கின்றன. சிக்கல் கல்லூரிப் பக்கம் வரலாம். வெளியிலிருந்து பணம் வந்ததும் தான் கொடுப்பதாகச் சொன்ன உதவியைக் கல்லூரி அந்த அளவுக்குக் குறைத்துவிடும். பிள்ளை உழைத்து வாங்கியது கல்லூரியின் கையிருப்பில் போய்ச் சேரும். அமெரிக்காவில் இந்தப் பழக்கத்துக்கு முதலில் கடிவாளம் போட்ட மாநிலம் மேரிலாண்ட். 2017இல் அங்கே அரசுக் கல்லூரிகள் இப்படிக் குறைப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. மற்ற இடங்களில், கல்லூரி உதவிப் பிரிவிடம் “குறைப்பதானால் உங்கள் உதவியில் கடனாக வரும் பகுதியைக் குறையுங்கள், திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியத்தைத் தொடாதீர்கள்” என்று எழுதிக் கேளுங்கள். கேட்டால் செய்துகொடுக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. வந்த உதவியை மறைக்க மட்டும் வேண்டாம்.

ஒருமுறை கிடைத்தால் எல்லா வருடமும் வருமா?

சில திட்டங்கள் ஒரே தவணை, சில ஆண்டுதோறும் புதுப்பிப்பவை. புதுப்பிக்க மதிப்பெண் பட்டியலும் கல்லூரியில் தொடர்ந்து படிப்பதற்கான போனஃபைட் சான்றிதழும் கேட்பார்கள். முதல் செமஸ்டரில் அரியர் விழுந்துவிட்டது என்று பயந்து, படிவமே அனுப்பாமல் இருந்த பிள்ளைகள் உண்டு. அனுப்புங்கள், காரணத்தோடு. ஒரு செமஸ்டர் அவகாசம் கொடுக்கும் விதி பல திட்டங்களில் இருக்கிறது. கேட்காதவருக்கு அதை யாரும் தேடிவந்து தருவதில்லை. உடல்நலக் குறைவால் ஒரு வருடம் நிற்க வேண்டியிருந்தாலும், நிற்பதற்கு முன்பே எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

எப்போது தயாராகத் தொடங்க வேண்டும்?

கல்லூரி சேரும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டிலேயே. சில திட்டங்களுக்கு அதுவே தாமதம். அமெரிக்காவில் 1955இல் தொடங்கிய நேஷனல் மெரிட் அமைப்பின் வழியாக ஊழியர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தரும் நிறுவனங்கள் உண்டு. அதற்குப் பிள்ளை பதினோராம் வகுப்பிலேயே பி.எஸ்.ஏ.டி. என்ற, கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னோட்டமான தேர்வை எழுதியிருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கேள்விப்பட்டு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பணிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்களின் நகல்களை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். எல்லாவற்றிலும் பிள்ளையின் பெயர் ஒரே எழுத்தில், ஒரே தலைப்பெழுத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். நான் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களில் பெரும்பகுதி இந்த ஒரு குறையால்தான்.

இரட்டைப் பிள்ளைகள். ஒருவனுக்குக் கிடைத்து இன்னொருவனுக்குக் கிடைக்காவிட்டால்?

இருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டுரையும் தனித்தனி. இது உண்மையிலேயே ஒரு வீட்டில் நடந்தது. அண்ணனுக்குக் கிடைத்தது, தம்பிக்கு இல்லை. அவர்களின் அம்மா போன் செய்து, “பாதிப் பாதியா பிரிச்சுக் குடுத்திடுங்களேன்” என்று கேட்டார். குரல் கம்மியிருந்தது. முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. பணம் குடும்பத்துக்கு வரவில்லை, அண்ணன் பெயரில் நேராகக் கல்லூரிக்குப் போகிறது. ஆனால் எங்கள் திட்டத்தில் கல்லூரி முதலாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்க இடம் இருந்தது. தம்பியைப் போனில் கூப்பிடச் சொல்லி, அடுத்த அறிவிப்பு வரும் மாதத்தையும், குழுவிடம் அவன் விண்ணப்பம் பற்றிய கருத்தை எழுதிக் கேட்கலாம் என்பதையும் அவனிடமே சொன்னேன். அவன் மாதத்தைத் திரும்ப ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொண்டான்.